வாசகர் கேள்விகள்: அப்பா கொண்டி போடும் வீடு

கேள்வி: எனக்கு 44 வயது. ஆண்டுக்கு இருமுறை திருநெல்வேலியில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போகிறேன். போனால் பகலிலும் தூங்குகிறேன். "தூங்குவதற்கா இவ்வளவு செலவழித்துப் போகிறீர்கள்?" என்று மனைவி கேட்கிறார். இது சோம்பலா?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: சோம்பல் இல்லை. நானும் பாளையங்கோட்டையில் பிறந்தவன்தான். தூங்குவதற்காகவே 650 கிலோமீட்டர் பயணம் செய்யலாம் என்பது என் கட்சி. எழும்பூரில் ஏறிய நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் கங்கைகொண்டானையும் தாழையூத்தையும் கடக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். நகரத்து வீட்டில் நாம் படுத்த பிறகும் ஒரு காது விழித்தே இருக்கிறது. அடுப்பை அணைத்தது, மோட்டாரை நிறுத்தியது, கதவைப் பூட்டியது எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு. ஊரிலோ, இரவு ஒன்பதரைக்கு அப்பா புறவாசலில் தொடங்கி, அடுக்களை ஜன்னலைச் சாத்தி, பட்டாசலைக் கடந்து வந்து முன்வாசலில் கொண்டி போடும் ஓசை கேட்டுவிட்டால், அந்தக் காதும் உறங்கிவிடுகிறது.

இரண்டாம் நாள் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய் உட்காருங்கள். சொதி வைக்கச் சொல்லி, தேங்காய் துருவும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் சொதி என்பது இலையில் வந்து விழும் ஒரு குழம்பு, அவ்வளவுதான். முதற்பாலைத் தனியே எடுத்துவைத்து, அடுத்துப் பிழிந்த பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதற்பாலை ஊற்றிக் கொதித்துத் திரிந்துவிடாமல் இறக்குவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது கூட உட்கார்ந்து துருவுகிறவனுக்குத்தான் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் அம்மா பேசிக்கொண்டிருப்பார். நம்முடைய கல்லூரிக் கட்டணத்துக்காக எந்த வளையல் அடகுக்குப் போனது, அப்பாவுக்கு முன்னால் பெண் பார்த்துவிட்டுப் போனவர் எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் சிறுபிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. நரை விழுந்த மகனிடம் சொல்கிறார்கள். ஊருக்குப் போவதில் எனக்குக் கிடைக்கும் பெரிய சுகம் இதுதான். (அல்வாவைப் பற்றி எழுதவில்லையே என்று கோபிக்க வேண்டாம், அது திரும்பும்போது பக்கத்து வீட்டாருக்கு வாங்கி வருவது.)

உங்கள் மனைவி கேட்பதிலும் நியாயம் உண்டு. அவர் தம் அம்மா வீட்டில் இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, "மேல் கொண்டி கைக்கு எட்டவில்லை, நீ போட்டுவிடு" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: தாய்வீட்டுக்குப் போனால் நான் விருந்தாளியா, வீட்டுப் பெண்ணா என்று புரியவில்லை. அடுக்களை இப்போது அண்ணியின் பொறுப்பில் இருக்கிறது.
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அடுக்களையை அண்ணிக்கே விட்டுவிடுங்கள். அஞ்சறைப் பெட்டி பழைய இடத்தில் இல்லையென்றால் தேடித் திறக்காமல் எங்கே என்று கேளுங்கள். பாதிச் சங்கடம் அதிலேயே தீரும். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களோடு போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள், திருநெல்வேலி டவுனில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டோம். இனி ஊருக்குப் போய் என்ன செய்வது?
(ஒரு வாசகர், பெங்களூரு)

பதில்: போங்கள். ஆனால் முதல் தடவையே அந்த வீட்டின் முன்னால் போய் நிற்க வேண்டாம். புதிதாகப் பூசிய வண்ணம் கண்ணை உறுத்தும். காலையில் குறுக்குத்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போடுங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயில் வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கி, தண்ணீர் வடிந்ததும் மறுபடி திறக்கிறது. மாலையில், சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1843இல் கட்டிய பாலத்தின் மேல் சற்று நில்லுங்கள். அதன் பிறகு உங்கள் தெருவுக்குள் நடந்து பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏதேனும் ஒரு முதியவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு மகன்?" என்று கேட்பார். அப்பாவின் பெயரைச் சொல்லிப் பதில் தர வேண்டியிருக்கும். பெங்களூரில் அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை.