பழைய டட்சன் பிக்-அப்பில் தீப்பொறி வரவில்லை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பினாங்கின் பாலிக் புலாவில் தோட்ட வேலைக்கு ஓடும் உங்கள் அப்பாவின் டட்சன் 620, தொடர்மழைக்குப் பிறகு ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றும், பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்சான பாயிண்ட், அதன் முனைகள் கருகாமல் காக்கும் கண்டென்சர் ஆகியவற்றைப் புதிதாக மாற்றியும் பொறி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம். பட்டர்வொர்த்தில் இத்தகைய பெட்ரோல் வண்டிகளைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இனி ஒரு பாகமும் வாங்காமல், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர்களை இணைத்த ஒரு சோதனை விளக்கை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் பற்றவைப்பு முறை, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910-இல் காடிலாக் கார்களில் வந்த அதே முறைதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் காயிலின் முதல் கம்பிச்சுற்று வழியாக ஓடி, உள்ளே காந்தப்புலத்தை உருவாக்குகிறது; பாயிண்ட் திறந்த கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 20,000 வோல்ட் எழுகிறது. அதாவது, மின்சாரம் ஓடும்போது அல்ல, அது அறுபடும்போதுதான் பொறி பிறக்கிறது. ஆகவே, காயில் வரை மின்சாரம் வருகிறதா, வந்தது முறையாக அறுபடுகிறதா என்ற இரண்டையும் மட்டும் நாம் கேட்க வேண்டும். காயிலின் எதிர்மின் முனை இரண்டுக்கும் பதில் சொல்லும் இடம். பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் பெரும்பாலும் தொடாத இடமும் அதுதான்.

அதற்கு முன், பொறி எந்த இடத்தில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சுற்றிலும் பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த வயரை மூடியிலிருந்து கழற்றி, நன்கு காப்பிடப்பட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை இஞ்சினின் வெற்று உலோகத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அங்கே நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தால், நீங்கள் மாற்றிய காயிலும் பாயிண்டும் வேலை செய்கின்றன. குறை மூடியிலோ அதனுள் சுழலும் ரோட்டரிலோ பிளக் வயர்களிலோதான் இருக்கும். மழைக்குப் பிறகு வந்த பழுது என்பதால் இதற்கு வாய்ப்பு உண்டு. மூடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்து உலர்த்தி, நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா, முனைகளுக்கிடையே பென்சில் கோடு போன்ற கரித்தடம் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கரித்தடம் விழுந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.

தடித்த வயரிலும் பொறி இல்லையென்றால் சோதனை விளக்குக்கு வருவோம். விளக்கின் ஒரு முனையை இஞ்சினின் உலோகத்திலும், மறுமுனையைக் காயிலின் நேர்மின் முனையிலும் வைத்து, சாவியைத் திருப்புங்கள். எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் பதற வேண்டாம். பல டட்சன்களில் காயிலுக்கு முன்பாக வெள்ளைப் பீங்கான் உறையில் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு பல்லாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் அதனால் மின்னழுத்தம் குறைந்து தெரிவது இயல்பு. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மின்சாரம் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராகக் காயிலுக்குப் போகும். ஆகவே, சாவியைப் பிடித்திருக்கும்வரை பற்றி, விட்டவுடன் அணையும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த ரெசிஸ்டரையும் சாவி சுவிட்சையும்தான்.

விளக்கு எரியவே இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், வயரின் இணைப்புகள் என்று பின்னோக்கிப் போங்கள். நம் ஊரில் திருட்டுக்குப் பயந்து முன்னாள் உரிமையாளர்கள் டாஷ்போர்டின் அடியிலோ இருக்கையின் கீழோ ஒரு சுவிட்சை மறைத்து வைத்திருப்பது மிகவும் சாதாரணம். வண்டி கைமாறும்போது அதைப்பற்றி யாரும் சொல்வதில்லை. பிறை நகரில் காய்கறி ஏற்றும் ஒரு நண்பரின் பழைய பிக்-அப், இருக்கைக்கடியில் துருப்பிடித்துக் கிடந்த அப்படிப்பட்ட ஒரு சுவிட்சால்தான் நின்றிருந்தது. உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நேர்மின் முனையில் மின்சாரம் இருந்தால், விளக்கை எதிர்மின் முனைக்கு மாற்றி, ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கவனியுங்கள். விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால், பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் பின்னும் பொறி இல்லையென்றால் குறை காயிலின் இரண்டாம் சுற்றிலோ அந்தத் தடித்த வயரிலோ கண்டென்சரிலோ இருக்கிறது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பாயிண்ட் வழியாக மின்சாரம் எர்த்துக்கு, அதாவது இஞ்சின் உலோகத்துக்கு, போகவில்லை என்று பொருள். எரியவே இல்லையென்றால், ஒன்று காயிலின் முதல் சுற்று அறுந்திருக்கிறது, அல்லது அந்த முனை எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரை அந்த முனையிலிருந்து கழற்றுங்கள். விளக்கு உடனே எரிந்தால் காயிலின் முதல் சுற்று நல்லது, தொடுப்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. கழற்றியும் எரியாவிட்டால், அதே முனையில் இஞ்சின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் வயர் இருக்கிறதா என்று பார்த்து அதையும் கழற்றிய பிறகே காயிலைக் குறை சொல்ல வேண்டும்.

இன்னொரு சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பி, எதிர்மின் முனையிலிருந்து ஒரு தனி வயரால் இஞ்சின் உலோகத்தைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் தடித்த வயரின் முனையில் பொறி பாய வேண்டும். அப்போது கண்டென்சர் இணைப்பில் இல்லாததால் பொறி மெலிந்திருக்கும்; ஆனாலும் இருக்கும். இருந்தால் காயிலுக்கும் சாவிக்கும் நற்சான்று கிடைத்துவிட்டது, டிஸ்ட்ரிபியூட்டரின் உட்புறம் மட்டுமே மீதி.

உங்கள் வண்டியில் குறை அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் பாயிண்ட் அண்மையில் மாற்றப்பட்டிருக்கிறது. புதிய பாயிண்டின் முனைகளில் துருப் பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அது மின்சாரத்தைத் தடுக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த தடித்த காகிதத்தை முனைகளுக்கிடையே விட்டு இழுத்தால் போதும். அடுத்து, பாயிண்டின் ஸ்பிரிங்கும் வயரும் சேரும் இடத்திலுள்ள காப்பு வாஷர்கள் வரிசை மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் மின்சாரம் நேராக எர்த்துக்குப் போய்விடும். பாயிண்ட் எவ்வளவு திறந்தாலும் ஓட்டம் அறுபடாது. வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் துளைத்து வரும் இடத்திலுள்ள காப்புத்துண்டு வெடித்திருந்தாலும் இதே விளைவுதான். பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் ஒரு சிறிய பின்னல் வயரையும் மறக்காதீர்கள். இஞ்சினின் வாக்குவம் (வெற்றிட) இழுப்பில் தட்டு அசையும்போதெல்லாம் அதுவும் வளைந்து வளைந்து, வெளியுறை முழுதாக இருக்க உள்ளே அறுந்துபோகும். சோதனை விளக்கு அணையாமல் எரிந்தால் பாயிண்டுக்கு அடுத்து நான் பார்ப்பது அதைத்தான்.

கண்டென்சர் புதியது என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் உறையைப் பிரித்த நாளிலேயே உள்ளே எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பவை உண்டு. அதன் வயரை மட்டும் கழற்றி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதுவரை இல்லாத பொறி மெலிதாகவேனும் வந்தால் அதுதான் குற்றவாளி. கழற்றிய பழைய கண்டென்சரைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அதையே மறுபடி பொருத்துங்கள்.

மூடியைத் திறந்திருக்கும்போதே ரோட்டர் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இஞ்சின் சுற்றியும் ரோட்டர் நின்றால், குறை மின்சாரத்தில் இல்லை. டைமிங் செயினையோ டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டையோ பார்க்க வேண்டும்.

வாங்கிய காயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரெசிஸ்டருடன் பயன்படும் காயிலின் முதல் சுற்று ஏறத்தாழ 1.5 ஓம், ரெசிஸ்டர் இல்லாமல் பயன்படுவது ஏறத்தாழ 3 ஓம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தால், ஒரு பக்கம் பாயிண்ட் கருகும், மறுபக்கம் பொறி மெலியும். காயிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். சோதனைகளுக்கிடையே சாவியைத் திறந்தபடி விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும். இவை அனைத்தும் பாயிண்ட் உள்ள வண்டிக்கே பொருந்தும். யாராவது எலெக்ட்ரானிக் பெட்டி வைத்து மாற்றியிருந்தால், காயில் முனையை எர்த்தில் தொடும் சோதனையையும் வயரைத் தள்ளிப் பிடிக்கும் சோதனையையும் செய்யக்கூடாது, பெட்டி எரிந்துவிடும்.

தண்டு ஆடாமல் இருந்தால் அந்தப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிடாதீர்கள்; இப்போது விற்கும் மலிவான நகல்களைவிட அது உறுதியானது. எதிர்மின் முனையில் விளக்கு மினுக்கியதா, எரிந்துகொண்டே இருந்ததா, எரியவே இல்லையா என்பதை இதன் கீழே எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றுவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.