பெரிய சால்மன் ஃப்ளை வீச எந்த ராட், எந்த லைன்?

சால்மன் மீனை ஏமாற்ற வீசும் செயற்கை இரைதான் ஃப்ளை. ராட் என்பது தூண்டில் கோல், லைன் என்பது ஃப்ளையைக் கொண்டுபோகும் கனமான கயிறு, ராடின் எண் அதற்கேற்ற லைனின் எடை வகுப்பு. ஒரு வாசகர் கேட்கிறார்: "14 அடி, 9-ஆம் எண் இரட்டைக்கை ராட் வைத்திருக்கிறேன். நீளமான மிதக்கும் ஸ்பே லைன் (இரட்டைக்கை ராடுக்கான லைன்). ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் பிப்ரவரியில் 2 அங்குலப் பித்தளை ட்யூப் ஃப்ளையை (சிறு குழாயில் கட்டிய ஃப்ளை) வீசினால் பாதி வழியிலேயே தொப்பென்று விழுகிறது. 15 அடி, 11-ஆம் எண் ராட் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

வேண்டாம். ஃப்ளையை இழுத்துக்கொண்டு போவது லைனின் எடை, ராட் வளைந்து அந்த லைனைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஸ்பே லைன் முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். கோடையில் சின்ன ஃப்ளையைச் சத்தமில்லாமல் இறக்க அது அருமையானது, ஆனால் பித்தளையைத் தூக்கிப்போட அந்த முனைக்குத் தெம்பு இல்லை. 11-ஆம் எண் ராடில் அதே மாதிரி லைனைப் போட்டாலும் தோள்வலிதான் மிச்சம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்காஜிட் ஹெட். வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்வரும் டிரவுட் மீன்) பிடிப்பவர்கள் கனமான ஃப்ளைக்கென்றே கண்டுபிடித்த, குட்டையான, தடித்த லைன் அது. உங்கள் ராடுக்குச் சுமார் 600 கிரெய்ன் (லைன் எடையைச் சொல்லும் அலகு), அதாவது 39 கிராம் சரியாக வரும். அதன் முனையில் 10 அடி மூழ்கும் டிப் (தனியாக மாட்டும் முனைத் துண்டு) மாட்டுங்கள். டி-14 என்று போட்டிருந்தால் அடிக்கு 14 கிரெய்ன் எடை என்று பொருள். குளிர்ந்த தண்ணீரில் அடியில் கிடக்கும் மீனிடம் ஃப்ளையை இறக்கும் வேலையை டிப்பே பார்த்துக்கொள்ளும் என்பதால் பல இடங்களில் பித்தளைக்குப் பதில் அலுமினிய ட்யூபே போதும்.

கடையில் ஏமாறுவது ராடின் இந்த எண்ணில்தான். ஒற்றைக்கை ராடில் 9-ஆம் எண் என்றால் லைனின் முதல் 30 அடி 240 கிரெய்ன். இரட்டைக்கையில் அதே 9 இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது, ஸ்பே, ஸ்காண்டி (இலேசான ஃப்ளைக்கான குட்டை லைன்), ஸ்காஜிட் என்று லைன் மாறினால் எடையும் மாறுகிறது. இத்தனை வருடமாகியும் ராட் மேல் கிரெய்னைத் தெளிவாக அச்சடிக்கச் சில தயாரிப்பாளர்களுக்கு மனசு வரவில்லை, குழப்பம் இருக்கிறவரை விற்பனை நடக்கிறது! ராட், ரீல், லைன் எல்லாம் சேர்த்து 'செட்' என்று தள்ளிவிடுவார்கள், கமிஷனுக்காக அதையே சிபாரிசு செய்யும் வழிகாட்டிகளும் உண்டு. பழைய ஹெட் வாங்கினால் விற்பவர் சொல்வதை நம்பாமல் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், கிராமை 15.4-ஆல் பெருக்கினால் கிரெய்ன்.

ஒரு விதிவிலக்கு. பெரிய ஃப்ளை எல்லாமே கனமான ஃப்ளை இல்லை. சன்ரே ஷேடோ என்ற ஃப்ளை 4, 5 அங்குலம் இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் ட்யூபில் நீளமான மயிர் மட்டும்தான், உலோகம் கிடையாது, காற்று அடங்கியிருந்தால் உங்கள் பழைய லைனே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் நீளத்தைப் பார்த்து லைன் வாங்காதீர்கள். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கனம் தெரிந்தால் ஸ்காஜிட், தெரியாவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

வீசும்போது முதலில் ஒரு ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் வீசாமல் முன்னோக்கி உருட்டும் வீச்சு) போட்டு மூழ்கிய டிப்பை மேலே கொண்டுவாருங்கள், அப்புறம் டபுள் ஸ்பே என்ற இரட்டைக்கை வீச்சு. டிப்புக்கு அப்பால் 15 பவுண்டு இழுவையாவது தாங்கும் நைலான் இழை 4 அடி போதும். கண்ணாடி போடாமல் இறங்காதீர்கள், பித்தளை கண்ணில் பட்டால் கண் போய்விடும், ராடில் பட்டால் கார்பன் விரிசல் விடும்.