வலிக்கும்போது மட்டும் போடுகிற மாத்திரை இல்லை இது

கேள்வி: எனக்கு வயது 61. பத்து வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. போன சித்திரையில் இடது மார்புக்குக் கீழிருந்து முதுகு வரை அக்கி வந்தது. ஊரிலிருந்து ஆளை வரவழைத்து மூன்று நாள் அக்கி எழுதினோம். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். கொப்புளம் காய்ந்து எட்டு மாதமாகியும் எரிச்சல் போகவில்லை. ஃபேன் காற்று பட்டாலே சுரீர் என்கிறது, ரவிக்கை போட முடியவில்லை. தோல் டாக்டர் ராத்திரிக்கு ப்ரீகாபலின் 75 கொடுத்தார். தலை சுற்றுவதால் வலி அதிகமான நாளில் மட்டும் போடுகிறேன். எலும்பு டாக்டர் வேறொன்று எழுதினார். அது டிப்ரஷன் மாத்திரை என்று மெடிக்கல் ஷாப் பையன் சொன்னதால், ரொம்ப முடியாத நாளில் மட்டும் அதையும் சேர்த்துப் போடுவேன். அசிக்ளோஃபெனாக்–பாராசிட்டமால் மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டுத்தான் வீட்டு வேலையே ஓடுகிறது. வலி மாத்திரையோடு பையன்களைப் போலீஸ் பிடித்த செய்தியைப் படித்த என் வீட்டுக்காரர், "நீயும் அடிமையாகிவிடுவாய்" என்கிறார். மருமகளோ எல்லாம் மனசுதான் என்கிறாள். தை மாதம் தங்கை மகள் கல்யாணம். பட்டு ரவிக்கை போட்டுக்கொண்டு நிற்க முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: தினமும் போட வேண்டிய மாத்திரையை எப்போதாவது போடுகிறீர்கள் அம்மா, உங்களுக்குத் தேவையே இல்லாததைத் தினமும் இரண்டு வேளை போடுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

அசிக்ளோஃபெனாக் வீக்கத்தோடு வரும் வலிக்கானது. மூட்டு வீங்கினால், கால் சுளுக்கினால், பல் வலித்தால் கேட்கும். உங்களுக்கு வீக்கம் எங்கேயும் இல்லை. அடிபட்டது நரம்பு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பின் வேரில் பல வருடம் ஒடுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் அக்கியாகக் கிளம்பும். தோல் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. காயமே இல்லாத இடத்திலிருந்து அது தானாகவே சேதி அனுப்புகிறது, மூளை அதை எரிச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த வலியிடம் அசிக்ளோஃபெனாக்கின் பருப்பு வேகாது. ஆனால் பத்து வருடச் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள உடம்பில், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பி.பி.யை ஏற்றும், வயிற்றில் புண் வைக்கும். அதை இன்றோடு விடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். நரம்பு வலிக்காகத் தோல் டாக்டர் கொடுத்த ப்ரீகாபலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது; எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்யவும் டாக்டருக்கு அந்த கிரியாட்டினின் தேவை.

அக்கி எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. காவியைக் குழைத்துத் தோலில் சிங்கம் வரைந்ததைக் குறை சொல்ல வரவில்லை. எழுதிக்கொண்டே டாக்டரிடமும் போயிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். சரி, அது போனது போகட்டும். உங்கள் வீட்டில் அடுத்து யாருக்காவது வந்தால் நினைவில் வையுங்கள்.

இனி ப்ரீகாபலின். தலைவலிக்குப் போடுவதுபோல் வலி வந்த பிறகு போட்டால் இது வேலை செய்யாது. தினமும் ஒரே நேரத்தில் போட்டு, அளவை மெல்ல மெல்ல ஏற்றி, சில வாரம் கழித்துத்தான் பலனை எடை போட முடியும். நீங்கள் எப்போதாவது போடுவதால் ஒவ்வொரு தடவையும் உடம்புக்கு அது புதுசு. ஒவ்வொரு தடவையும் தலை சுற்றுகிறது, பலன் மட்டும் வருவதில்லை. தொடர்ந்து போட்டால் பலருக்கு இந்தச் சுற்றல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். 75 அதிகமாகத் தெரிந்தால் 25 அல்லது 50இல் ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரவில் எழுந்தால் படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து, விளக்கைப் போட்டபின் பாத்ரூம் போங்கள். கால் வீங்கினாலோ எடை ஏறினாலோ அதுவும் இந்த மாத்திரையால் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். சில நாள் தொடர்ந்து போட்ட பிறகு உங்கள் இஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எலும்பு டாக்டர் கொடுத்த அட்டையை எடுத்துத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நார்ட்ரிப்டிலின் என்ற டிப்ரஷன் மாத்திரையோடு ப்ரீகாபலின் 75உம் அதிலேயே சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் ஊரில் அப்படித்தான் ஜோடி ஜோடியாக விற்கிறார்கள். அப்படியானால் முடியாத நாளில் நீங்கள் போட்டது இரட்டை ப்ரீகாபலின். தோல் டாக்டருக்கு எலும்பு டாக்டர் எழுதியது தெரியாது, அவருக்கு இவர் எழுதியது தெரியாது. எல்லா அட்டைகளையும், சர்க்கரை, பி.பி. மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நரம்பியல் மருத்துவரோ வலி சிகிச்சை நிபுணரோ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குடும்ப டாக்டரே போதும்.

கடைப் பையன் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் எல்லாம் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். நரம்பு வலிக்கும் அவை தனியாகவே வேலை செய்கின்றன. நார்ட்ரிப்டிலினும் அமிட்ரிப்டிலினும் இதற்குக் குறைந்த அளவிலேயே, ராத்திரி 10 மி.கி. என்றே பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். எழுதித் தந்தவர் உங்களுக்கு மனநோய் என்று முடிவு கட்டவில்லை. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். உங்கள் வயதில் ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மருமகளிடமும் இதைச் சொல்லுங்கள். எட்டு மாதம் சரியாகத் தூங்காத எவருக்கும் மனசு சோர்ந்துதான் போகும், ஆனால் முதலில் வந்தது வலி.

உங்கள் வீட்டுக்காரர் படித்தது பெரும்பாலும் டேபென்டடால் பற்றிய செய்தியாக இருக்கும். அது அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. அதன் பங்காளியான டிரமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ப்ரீகாபலின் அந்த வகை இல்லை. ஆனாலும் அதையும் போதைக்காக அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அவர் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் போடுவது வேறு. கிறக்கத்துக்காக ஏற்றிக்கொண்டே போவது வேறு. உடம்பு பழகிவிடும் என்பதால் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்போம், அவ்வளவுதான். தூக்க மாத்திரையையோ தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்தையோ இதோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளைகள் இருந்தால் அட்டைகளை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம், உங்கள் வீட்டுக்காரருக்கும் 50 தாண்டியிருக்குமே: அக்கிக்குத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு டோஸ். விலைதான் கையைக் கடிக்கும்.

வலி முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்லப்போவதில்லை. மாதங்கள் போகப் போகப் பலருக்குத் தணிகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது. மருந்தால் பாதி குறைந்தாலே டாக்டர்கள் அதை நல்ல பலன் என்பார்கள். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினீர்களா, மாடிக்குப் போய்த் துணி காயப்போட முடிந்ததா என்று பாருங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் ஒரு எண் போட்டு வாருங்கள். அடுத்த தடவை "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்கும்போது அந்தத் தாளை நீட்டினால், அளவை ஏற்றலாமா மாற்றலாமா என்று அவரால் சொல்ல முடியும்.

பட்டு ரவிக்கைக்கு வருகிறேன். இந்த வலிக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு. லேசாக உரசினால் உயிர் போகும், அழுத்திப் பிடித்தால் அவ்வளவு தெரியாது. அதனால் லூசான நைட்டி உங்களுக்கு இதம் தராமல் போயிருக்கலாம்; அது அசைந்து அசைந்து உரசும். உடம்போடு ஒட்டி நிற்கிற, தையல் மடிப்பு உறுத்தாத மெல்லிய காட்டன் பனியன் ஒன்றை உள்ளே போட்டு, அதன்மேல் ரவிக்கையைப் போட்டுப் பாருங்கள். டெய்லரிடம் சொல்லிப் பட்டு ரவிக்கைக்கு மல் துணியில் லைனிங் வைத்து, ஜரிகைக் கரை அந்த இடத்தில் படாமல் தைக்கச் சொல்லுங்கள். லிடோகெயின் பட்டையோ களிம்போ டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தைச் சில மணி நேரம் மரத்துப்போக வைக்கலாம். புண் இல்லாத தோலில் மட்டும்தான் அதைப் போட வேண்டும். மிளகாயின் காரச் சத்தில் செய்த கேப்சைசின் களிம்பும் உண்டு, ஆனால் முதல் சில வாரம் அதுவே எரியும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதை ஆரம்பிக்க வேண்டாம்.

புது மருந்தையோ புது அளவையோ கல்யாண வாரத்தில் தொடங்காதீர்கள், இப்போதே மார்கழியில் தொடங்கிவிடுங்கள். முகூர்த்தம் விடியற்காலை என்றால், முந்தின ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் போட்டுவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் மண்டபப் படியில் தள்ளாடும்.