பதில்: பண்ணை டேங்கில் இருக்கும் சிவப்பு டீசலை பிக்கப்பில் ஊற்றலாமா?

டெக்சாஸில் வாங்கிய பண்ணையோடு 40 கேலன் சிவப்பு டீசலும் (டிராக்டர் மாதிரி சாலையில் ஓடாத வண்டிகளுக்குச் சாயம் போட்டு விற்பது) வந்தது, வீணாக்காமல் பிக்கப்பில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள்.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரிதான். டிராக்டருக்கு விற்கும் சிவப்பு டீசலிலும் இப்போது கந்தகம் சாதா டீசலைப் போலவே 15 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 15 பங்கு). சாயம் வரிக்காகப் போட்டது. சாலை வரி கட்டாத எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணக்கைப் பாருங்கள். கேலனுக்கு ஃபெடரல் வரி 24.4 சென்ட், டெக்சாஸ் வரி 20 சென்ட். 40 கேலனுக்கு மிச்சம் 17 டாலர் 76 சென்ட். பிடிபட்டால் ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) அபராதம் 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. மறுபடி மாட்டினால் இன்னும் ஏறும். மாநிலம் போடுவது தனி. 18 டாலருக்கு இந்த வம்பு எதற்கு?

ஒருமுறைதானே, யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அதிகாரிகள் டேங்கில் குழாய் விட்டு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சாயம் லேசில் போகாது. எங்கள் பழைய டிரக்கில் முன்பு யாரோ ஊற்றியது, இரண்டு முறை சாதா டீசல் நிரப்பிய பிறகும் ஃபில்டரைக் கழற்றினால் ரோஸ் மில்க் மாதிரி வடிந்தது. டேங்கை இறக்கிக் கழுவினோம்.

அந்த 40 கேலனை டிராக்டரிலேயே ஓட்டித் தீர்த்துவிடுங்கள். ரொம்ப நாள் கிடந்ததென்றால் முதலில் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அவசரத்துக்கு பங்க் டீசலை டிராக்டரில் ஊற்றினால் தப்பில்லை. விவசாய வேலைக்குச் செலவானதற்கு ஃபெடரல் வரியை 4136 படிவத்தில் திரும்பக் கேட்கலாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.