ஸ்பீட் கன் 84 காட்டியது, என் மீட்டரில் 75தான்: அபராதம் கட்ட வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சென்ற மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்துடன் காரில் போனேன். விழுப்புரம் தாண்டியதும் ஒரு ஊர் பிரியும் சந்திப்புக்கு முன்னால் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் 60 என்று போர்டு இருந்தது உண்மை. அவர்கள் கையிலிருந்த கருவி 84 காட்டியது. நான் மீட்டரைப் பார்த்தபோது 75தான் இருந்தது. குழந்தைகள் வண்டியில் இருந்ததால் வாக்குவாதம் செய்யாமல் 1,000 ரூபாய்க்கான சலானை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பணம் இன்னும் கட்டவில்லை. இதற்கிடையில், என் பெயரிலுள்ள பைக் சென்னையில் வேகமாகப் போனதாகக் கேமரா எடுத்த சலான் ஒன்று போனுக்கு வந்திருக்கிறது. அன்று பைக்கை ஓட்டியது என் தம்பி. இரண்டையும் கட்டிவிடட்டுமா, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளட்டுமா?"

முதல் சலானைக் கட்டிவிடுங்கள். இரண்டாவதைக் கட்டும் முன் சில விஷயங்களைச் சரிபாருங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

முதலில் அந்த 84க்கும் 75க்கும் உள்ள வித்தியாசம். வழக்குக்காக என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "மிஷின் தப்பு சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எப்போது பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போலீசார் வைத்திருப்பது பெரும்பாலும் லேசர் ஸ்பீட் கன். அது கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை வண்டியின் மேல் அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதுதான் வண்டியின் வேகம். ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். முந்நூறு மீட்டர் தள்ளி வரும் வண்டியைக்கூடக் குறி வைக்கலாம். 84 கிலோமீட்டர் வேகத்தில் அந்த முந்நூறு மீட்டரைக் கடக்க 13 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் காக்கிச் சட்டையைப் பார்த்திருப்பீர்கள், கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்திருக்கும், அப்புறம்தான் கண் மீட்டருக்குப் போயிருக்கும். கருவி 84ஐப் பதிந்ததும் நீங்கள் 75ஐப் பார்த்ததும் ஒரே கணத்தில் நடந்தவை இல்லை.

கார் மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டாதபடிதான் அதைத் தயாரிக்கிறார்கள். சற்றுக் கூட்டிக் காட்டுவதுதான் வழக்கம். மீட்டரில் 75 என்றால் வண்டி உண்மையில் 71, 72இல்கூடப் போய்க்கொண்டிருக்கலாம். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயரை மாட்டியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். அப்படி மாற்றியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பீட் கன் தவறவே தவறாதா? தவறலாம். ஆனால் எல்லோரும் நினைக்கிற விதத்தில் தவறுவதில்லை. ரோட்டோரம் சாய்வாக நின்று அளந்தால் வேகம் குறைவாகத்தான் பதியும், கூடுதலாகப் பதியாது. பத்து டிகிரி சாய்ந்து நின்று 84இல் வரும் வண்டியை அளந்தால் 83க்குக் கொஞ்சம் கீழே காட்டும். அதனால் "ஓரத்தில் நின்று அடித்தார்கள்" என்ற வாதம் உங்களுக்கு உதவாது. உண்மையில் சிக்கல் வருவது வண்டி மாறிப்போவதில்தான். பழைய ரேடார் வகைக் கருவியின் கதிர் அகலமானது. பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் போனால் அதன் பெரிய முகப்பிலிருந்து வரும் எதிரொலியை எடுத்துக்கொண்டு, எண்ணை உங்கள் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. லேசர் கதிர் குறுகலானது, அதில் இந்த ஆபத்து குறைவு. ஆகவே ரோட்டில் நிறுத்தப்படுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சார், என் வண்டியின் படமும் வேகமும் சேர்ந்து பதிவான ரெக்கார்டைக் காட்ட முடியுமா?" மரியாதையாகக் கேளுங்கள். நம்பர் பிளேட், வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் அதற்குமேல் ரோட்டில் பேச ஒன்றுமில்லை.

இதைக் கேட்பதற்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுதான் அதிவேகத்துக்கானது. ஒரே ஒரு சாட்சி வந்து "என் பார்வையில் வண்டி வேகமாகப் போனது" என்று சொன்னால் அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அந்த மதிப்பீடு ஒரு கருவியை வைத்துப் பெற்றதாக இருக்க வேண்டும். கருவியே இல்லாமல் "ஓவர் ஸ்பீட்" என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றால் அந்த வழக்கு பலவீனமானது. உங்கள் விஷயத்தில் கருவி இருந்தது, எண்ணும் காட்டினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 84ஐ விடுங்கள், நீங்கள் சொல்லும் 75ஐயே நீதிபதி ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எல்லை 60. எத்தனை கிலோமீட்டர் கூடினால் எவ்வளவு அபராதம் என்ற படிக்கட்டு நம் சட்டத்தில் இல்லை. கார், பைக் போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், பஸ் லாரி போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 வரை. 2019 திருத்தத்தில் வந்த தொகைகள் இவை. உங்களிடம் கேட்டதே மிகக் குறைந்த தொகை. 75 என்று நிரூபித்தாலும் அதே 1,000தான். அதனால்தான் கட்டச் சொன்னேன்.

"நாலுவழிச் சாலையில் 100 வரை போகலாம் என்கிறார்களே, 60 எங்கிருந்து வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையில் நடுத்தடுப்புள்ள நாலுவழிச் சாலைக்குக் காருக்கு 100 என்றுதான் இருந்தது. அதையே 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், வேகத்தைக் கூட்டுவது உயிர்ச் சேதத்தைக் கூட்டும் என்று சொல்லி ரத்து செய்தது. அதைத் தனியே வைத்தாலும், குறிப்பிட்ட இடத்துக்குக் குறைந்த எல்லையை வைக்க மாநில அரசுக்கு 112-வது பிரிவு அதிகாரம் தருகிறது, அதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கத்தான் போர்டு. சந்திப்பில், பள்ளி அருகில், ஊருக்குள் நுழையும் இடத்தில் போர்டு சொல்வதுதான் எல்லை.

அந்தப் போர்டு ஏன் அங்கே நிற்கிறது என்பதை நான் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் நெடுஞ்சாலைகள் ஊர்களைக் கிழித்துக்கொண்டு போகின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா நடுத்தடுப்பில் வந்து நின்று கார் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார். 84இல் வரும் கார் ஒரு நொடியில் 23 மீட்டர் கடக்கிறது. அவரைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கும் நேரத்துக்குள் அவ்வளவு தூரம் போய்விடும், வண்டியின் வேகம் துளியும் குறைந்திருக்காது. 60இல் வந்தால் அது 17 மீட்டர்கூட இல்லை. மோதினால் வண்டியிலிருக்கும் ஆற்றல் 60ஐவிட 84இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகம் காரணமாக இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இவற்றில் சில எண்கள் என் மேஜையில் கோப்புகளாக, இறந்தவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வந்து கிடக்கின்றன. அதனால் ஸ்பீட் கன் வைத்து நிற்கிறவர்களை நான் எதிரியாகப் பார்க்க மறுக்கிறேன்.

சரி, பைக் விஷயத்துக்கு வருவோம்.

முதல் வேலை, அந்தச் செய்தி உண்மையா என்று பார்ப்பது. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியோ, ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றை இறக்கச் சொல்லியோ வங்கிக் கணக்கைத் துடைக்கிற மோசடி நிறைய நடக்கிறது. வந்த லிங்கைத் தொடாதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அதன் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். அங்கே சலான் இருந்தால்தான் அது சலான்.

இருந்தால், படத்தைத் திறந்து பாருங்கள். வண்டி உங்களுடையதுதானா, நம்பரில் ஒரு எழுத்து தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறதா? கேமரா சலானுக்கு 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி சில கட்டாயங்களை வைத்திருக்கிறது. படத்தோடு கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவை சலானில் இருக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் சேர வேண்டும். கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். உங்களுடையது எப்போது வந்தது என்று எழுதவில்லை, இரண்டு தேதிகளையும் எடுத்து ஒப்பிடுங்கள். எல்லையையும் பாருங்கள். சென்னைக்குள் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, பைக்குக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30. காலியான ரோட்டில் பைக்கில் 58 போனால் வேகம் என்றே தோன்றாது, ஆனால் கேமராவுக்கு அது மீறல்தான்.

எல்லாம் சரியாக இருந்து, தம்பியும் "ஆமாம், நான்தான் வேகமாகப் போனேன்" என்றால் அவரிடம் பணத்தை வாங்கிக் கட்டிவிடுங்கள். கேமராவுக்கு முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். அதனால் சலான் உரிமையாளர் பெயருக்கு வருகிறது. 183-வது பிரிவு தண்டிப்பது ஓட்டியவரை. ஆனால் யார் ஓட்டினார், அவருடைய லைசென்ஸ் விவரம் என்ன என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133-வது பிரிவின்படி உங்களுக்கு உண்டு. "எனக்குத் தெரியாது" என்று தம்பியைக் காப்பாற்றப் பார்த்தால் சுமை உங்கள் தலையில் விழும். தம்பிக்கு 18 வயது ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன். ஆகவில்லை என்றால் இந்தச் சலானை மறந்துவிட்டு முதலில் வண்டிச் சாவியை எடுத்து வையுங்கள். 199ஏ பிரிவில் உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

சலானில் மேலே சொன்ன குறைகளில் ஒன்று இருந்தால் கட்டாதீர்கள், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மேஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை மறுக்கலாம். அப்போது கருவியின் ஒப்புதல் சான்று, மூலப் பதிவு, எல்லையை நிர்ணயித்த அறிவிக்கை ஆகியவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டாமலும் மறுக்காமலும் சும்மா விட்டுவிடுவதுதான் தவறு. நாளைக்கு வண்டியை விற்கப் போகும்போது நிலுவைச் சலான் குறுக்கே வந்து நிற்கும்.

ரோட்டில் நிறுத்தும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு வார்த்தை. சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும், அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ளதே போதும். "சலான் வேண்டாம், பாதி கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று யாராவது சொன்னால் முழுத் தொகைக்குச் சலான் கேளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தெரிவித்தால்தான் தப்ப முடியும்.

கடைசியாக லைசென்ஸ். 1,000 ரூபாயைவிட நீங்கள் அக்கறைப்பட வேண்டியது இதுதான். அதிவேகத்துக்கு லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206-வது பிரிவு அனுமதிக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழுவும் 2015இல், அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. உங்களிடம் லைசென்ஸை வாங்கியிருந்தால் அதற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆர்.டி.ஓ.விடமிருந்து நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக விடாமல், குறித்த தேதிக்குள் பதில் எழுதுங்கள், நேரில் போங்கள். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் அவர் உத்தரவு போட முடியும். உத்தரவு பாதகமாக வந்தால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.