ரப்பர் விறகு அன்னதான அடுப்புக்கு ஆகுமா?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். குத்தகைக்காரர் ஒரு லோரி கட்டை சும்மாவே தருகிறேன் என்கிறார். கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அன்னதானச் சமையலுக்கு நம்பி வாங்கலாமா? பால்மரம், புகைதான் மிஞ்சும், சோற்றில் வாடை ஏறும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்."

தாராளமாக வாங்குங்கள். கட்டை வந்து இறங்கிய வாரமே பிளந்து போட ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஷீட் ரப்பரை, அதாவது தகடாக உருட்டிய ரப்பரைக் காயவைக்க இதே கட்டையைத்தான் எரித்தார்கள். அங்கே சூட்டோடு புகையும் வேண்டும். கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. அண்டா அடுப்பில் அந்தப் புகைக்கு வேலையில்லை.

நன்றாகக் காய்ந்த மரம் எதுவானாலும் ஒரு கிலோவுக்குத் தரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கனத்தில் இருக்கிறது. காய்ந்த ரப்பர் மரம் கனமீட்டருக்கு 560 முதல் 640 கிலோ வரும். காட்டுக் கனமரங்களோடு பார்த்தால் இது இலேசு. அதனால் சீக்கிரம் பற்றும், கொழுந்துவிட்டு எரியும். தணல் மட்டும் அதிக நேரம் நிற்காது. சோறு வடிக்க, சாம்பார் கொதிக்க இதைவிட என்ன வேண்டும்? பிரியாணிக்குத் தம் போடுவதாக இருந்தால் மட்டும் கோலா செபெத்தாங் பக்கத்துப் பாக்காவ் (அலையாத்தி மரம்) கரி ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வெட்டிய ரப்பர் கட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகிவிடும். புகையும் கண்ணெரிச்சலும் அங்கேதான் தொடங்குகின்றன. உருட்டுக் கட்டையாக விட்டால் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மரத்தில் மாவுச்சத்தும் அதிகம், சில நாளிலேயே வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாகப் பூஞ்சணம் பாயும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, அதனால் சூடு குறையாது. வண்டு விழுந்து மாவாக உதிர ஆரம்பித்தால்தான் நஷ்டம்.

மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் மேல் பலகை போட்டு, காற்று புகுந்து வர அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும். கேன்வாஸால் நாலு பக்கமும் மூடிவிட்டால் உள்ளே வேர்த்து ஊறிவிடும். கோயிலின் மரச் சாமான்கள் இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம், வண்டு அங்கேயும் போகும்.

பிளக்கும்போதே பால் வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர்ப் பால்), பழைய கம்பி, கோப்பை மாட்டிய வளையம் எல்லாம் அதில் இருக்கும். கம்பி கோடாலியைக் கெடுக்கும். கரும்புகையும் வாடையும் ஒட்டுப்பாலில் இருந்துதான் வரும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டால் பெரியவர்களின் புகாரில் பெரும்பகுதி தீர்ந்தது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சுண்ணாம்பால் குறி போட்டு, வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரமானி இருந்தால் துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். நம் மலேசியாவின் ஈரக்காற்றில் வெளியே வைத்து 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது கடினம், அதற்கு மெனக்கெட வேண்டாம். இதெல்லாம் இல்லையென்றால் இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரக்கட்டை மொத்தென்று விழும். பிளந்த கட்டைக்கு ஐந்து மாதம் பெரும்பாலும் போதும், மழை விடாமல் அடித்தால் கொஞ்சம் இழுக்கும்.

குத்தகைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மரத்தை அப்படியே சாய்த்தார்களா, மருந்து வைத்துச் சாகடித்தார்களா? மருந்து வைத்த மரமென்றால் சமையலுக்கு வேண்டாம். மேசை நாற்காலிக் கம்பெனியில் மிஞ்சும் ரப்பர்ப் பலகைத் துண்டும் அப்படித்தான். பூச்சி மருந்து ஏற்றியது, பசை ஒட்டியது. நன்றாகக் காய்ந்திருக்கிறதே என்று யாராவது அதைக் கொண்டுவந்து கொட்டினால், லோரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.