டிரான்ஸ்ஃபர் கேஸ்: கழற்றுவதற்கு முன் சில கேள்விகள்

கேள்வி: கியர்பாக்ஸ் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியாக ஒன்று எதற்கு? அதன் உள்ளே என்ன நடக்கிறது?

பதில்: கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பது இதன் முதல் வேலை. பகுதிநேர ஃபோர் வீல் டிரைவில் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை), 2 ஹை (இரு சக்கர இழுவை) நிலையில் சுழற்சி நேராகப் பின்பக்கம் போய்விடும். 4 ஹை (வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர இழுவை) போட்டதும் ஃபோர்க் என்ற கவை, ஸ்லீவ் என்ற பல் வளையத்தைத் தள்ளி, செயின் சக்கரத்தை மெயின் ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது, அந்தச் செயின் முன்பக்க ஷாஃப்ட்டைச் சுழற்றுகிறது. என்பி205 போன்ற பழைய வகைகளில் செயினே கிடையாது, எல்லாம் கியர்தான். இரைச்சல் கூடுதல், உழைப்பும் கூடுதல்.

இரண்டாவது வேலை 4 லோ, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நான்கு சக்கர நிலை. பெரும்பாலான செயின் வகைகளில் சுழற்சி நடுவிலுள்ள சன் கியர் வழியாக உள்ளே வர, ரிங் கியர் அசையாமல் நிற்க, இடையிலுள்ள சிறு கியர்களைத் தாங்கும் கேரியரிலிருந்து வேகம் குறைந்து, இழுவை கூடி வெளியே வருகிறது. ஜீப் வண்டிகளில் வந்த என்பி231-இல் இந்த விகிதம் 2.72. முதல் கியர் விகிதம் 4, டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, டயர் சுற்றளவு 2.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலிங்கில் 4 ஹையில் மணிக்கு ஏறக்குறைய 6.7 கி.மீ. போகும் வண்டி 4 லோவில் 2.5 கி.மீ.தான் போகும். நடந்து செல்பவர் உங்களை முந்திவிடுவார். பாறையில் இறங்கும்போது வேண்டியதும் அதுதான்.

கேள்வி: தார்ச்சாலையில் 4 ஹை போட்டு ஓட்டினேன். திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகியது, இப்போது லீவர் 2 ஹைக்கு வர மறுக்கிறது. கேஸ் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பகுதிநேர வகையில் முன், பின் ஷாஃப்ட்டுகள் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போகின்றன. அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டி, பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் செல்லும்படி செங்கோணமாகத் திரும்பினால், பின் அச்சு 9.4 மீட்டரும் முன் அச்சு 10.2 மீட்டரும் கடக்கின்றன. இந்த 80 சென்டிமீட்டர் வித்தியாசத்தை மண்ணில் டயர் சறுக்கித் தீர்த்துவிடும். பிடிப்புள்ள தரையில் அது ஷாஃப்ட்டுகளில் முறுக்காகச் சேர்ந்து ஸ்லீவின் பற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் தானாக நழுவி வரும். உதைத்துத் தள்ளினால் ஃபோர்க் வளையும், அப்போதுதான் உண்மையான செலவு தொடங்கும். முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் உள்ள முழுநேர வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் லாக்கைப் போட்டுவிட்டால் அதற்கும் இதே விதிதான்.

கேள்வி: சேற்றில் 4 லோவில் அழுத்தி இழுக்கும்போது அடியில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வருகிறது. 2 ஹையில் இல்லை.

பதில்: செயின் தளர்ந்து பல் தாண்டுகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை தேய்மானம்தான்; எல்லாம் கூடும்போது செயின் சுமையில் தொய்ந்து பற்களின் மேல் ஏறிவிடுகிறது. இருந்தாலும் முன்பக்க யுனிவர்சல் ஜாயின்ட்டும் ஹப்பும் இதே குரலில் பேசக்கூடியவை. வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். கேஸைப் பிரிப்பது அதற்குப் பிறகு. புதுச் செயினைத் தேய்ந்த சக்கரத்தில் மாட்டாதீர்கள்.

கேள்வி: இறக்கத்தில் 4 லோ தானாகக் கழன்றுவிடுகிறது.

பதில்: கியர்பாக்ஸ் மவுண்ட் அமுங்கியிருந்தாலோ லிங்கேஜ் தளர்ந்திருந்தாலோ லீவர் முழுமையாக விழாது, அதைச் சரிசெய்த பிறகும் கழன்றால் ஃபோர்க்கின் பேடுகளோ ஸ்லீவின் பற்களோ தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் நகரும் வண்டி திடீரென்று நியூட்ரலுக்குப் போய்விட்டால் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: லீவருக்குப் பதில் சுவிட்ச் உள்ள வண்டி. 4 ஹைக்குச் சுவிட்சைத் திருப்பினால் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: பேட்டரி மின்னழுத்தம், ஷிஃப்ட் மோட்டாரின் கனெக்டரில் ஈரம், நிலையறியும் சென்சார், இந்த வரிசையில் பாருங்கள்.

கேள்வி: தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. இது எப்படி?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. கியர்பாக்ஸுக்கும் இதற்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. இங்கே அதிகமாவதைவிட அங்கே குறைவதுதான் ஆபத்து. ஆகவே இரண்டையும் பாருங்கள். ஆயில் மாற்றும்போது நிரப்பும் போல்ட்டை முதலில் திறந்துகொள்ளுங்கள். வடித்துவிட்ட பின் அது திறக்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பு, உலோகச் சில்லுகள் இருந்தால் இயல்பல்ல. பல செயின் வகைகள் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும், சில 75டபிள்யூ-90 கியர் ஆயில் கேட்கும். கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள்.

கேள்வி: முழுநேர வண்டி, உள்ளே கிளட்ச் வகை. இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

பதில்: புது டயரில் 8 மி.மீ., பழையதில் 2 மி.மீ. பட்டன் (டயரின் பள்ள ஆழம்) இருந்தால், கணக்குப்படி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 38 மி.மீ. வித்தியாசம் வரும். நேர்ச்சாலையிலும் முன், பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுழல, கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். நான்கையும் மாற்றுங்கள்.